ரவுட்டர் சொல்லும் முகவரி

ஊருக்குப் போகும்போதெல்லாம் சேலத்து மாமா கேட்பார்: “ஜிபிஎஸ் இல்லாத லேப்டாப், நம்ம ஃபேர்லேண்ட்ஸ் வீட்டை மேப்பில் எப்படிப்பா காட்டுது?”

வைஃபை ரவுட்டர்தான் காரணம். அது தனக்கே உரிய எண் ஒன்றை ஓயாமல் ஒலிபரப்புகிறது. தெருவில் போகும் மொபைல்கள் அதை இருப்பிடத்துடன் கூகுள், ஆப்பிள் நிறுவனங்களுக்கு அனுப்புகின்றன. பாஸ்வேர்ட் போட்டாலும் இது நிற்காது! அதே ரவுட்டருடன் நாமக்கல்லுக்குக் குடிபோனால், எண் தெரிந்தவர் புது வீட்டையும் கண்டுபிடிக்கலாம். 2024இல் மேரிலாந்து பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆப்பிளின் பட்டியலை வைத்து இதைச் செய்தே காட்டினார்கள்.

ரவுட்டர் செட்டிங்ஸில், நெட்வொர்க் பெயரின் கடைசியில் அண்டர்ஸ்கோர் போட்டு, என், ஓ, எம், ஏ, பி என்ற சிறிய ஆங்கில எழுத்துகளைச் சேர்க்கவும். கூகுள் 2011இலும் ஆப்பிள் 2024இலும் இந்த வசதியைக் கொண்டுவந்தன. பிறகு மொபைல், பிரிண்டர் எல்லாவற்றையும் புதுப் பெயரில் மறுபடி இணைக்க வேண்டும்.