கத்தரி யார் கையில்?

அமெரிக்க டைரக்டர் ஜார்ஜ் லூகாஸ் 1977-ல் வெளியிட்ட 'ஸ்டார் வார்ஸ்' படத்தில், மதுக்கடையில் தன்னை மிரட்டும் எதிரியை ஹான் சோலோ என்னும் கடத்தல்காரன் சுட்டு வீழ்த்துகிறான். 1997-ல் படத்தைப் புதுப்பித்த லூகாஸ், எதிரியே முதலில் சுடுவதாக மாற்றிவிட்டார். முரடனைச் சாதுவாக்கிவிட்டாரே என்று ரஸிகர்கள் சீறி எழுந்தார்கள்.

பழைய படங்களில் கை வைப்பது தகாது என்று 1988-ல் அமெரிக்கக் காங்கிரஸின் முன் வாதாடியவரும் இதே லூகாஸ்தான் என்பது வேடிக்கை!

1999-ல் அவர் எடுத்த 'தி பேண்டம் மெனஸ்' ரஸிகர்களை இரு கட்சிகளாகப் பிரித்தது. ஜார் ஜார் பிங்க்ஸ் என்ற கோமாளியின் சேஷ்டைகள் பலருக்குப் பொறுக்கவில்லை. மைக் ஜே. நிக்கல்ஸ் என்ற எடிட்டர் அவற்றைக் குறைத்து, சுமார் 20 நிமிஷங்களை வெட்டி, 'தி பேண்டம் எடிட்' என்ற பிரதியைத் தாமே தயாரித்துவிட்டார். அது கைக்குக் கை பரவியது.

இரண்டும் வெட்டுத்தானே, பேதம் என்ன என்று நேயர்கள் கேட்கலாம். பெரிய பேதம் உண்டு. நிக்கல்ஸ் வெட்டிய பின்னும் லூகாஸின் படம் எல்லோருக்கும் கிடைத்தது. லூகாஸ் திருத்திய பிறகோ 1977-ஆம் வருஷத்துப் படம் காணக் கிடைப்பதே அரிதாயிற்று. 2006-ல் திருத்திய படத்தோடு ஓர் இணைப்பாகவே அது டி.வி.டி.யில் வந்தது. அந்தப் பழைய பிரதி 2025 ஜூனில் லண்டனில் திரையிடப்பட்டபோது ரஸிகர்கள் பெருவிழாவாகக் கொண்டாடியதில் வியப்பென்ன?

கர்த்தா திருத்தட்டும், ரஸிகனும் வெட்டி ஒட்டிப் பார்க்கட்டும். மூலத்தை மட்டும் யாரும் மறைக்கலாகாது என்பதே நமது அபிப்பிராயம்.