மனித உருவ வேர்

சீன மருந்துக் கடைகளில் உள்ள கண்ணாடி ஜாடிகளில் வெளிர்மஞ்சள் நிற வேர்கள் வைக்கப்பட்டிருப்பதைப் பலரும் பார்த்திருப்பர். அவற்றுள் சில, கையும் காலும் முளைத்த சிறு பொம்மைகளைப் போல இருக்கும். சீன மொழியில் இந்த வேரின் பெயர் 'ரென்ஷென்'. 'ரென்' என்றால் மனிதன். உலகம் இதை 'ஜின்செங்' என்று அழைக்கிறது.

ஜின்செங் குளிர்ப்பகுதிக் காடுகளில், பெரிய மரங்களின் நிழலில் வளரும் சிறு செடி. வடகிழக்குச் சீனாவும் கொரியாவும் ரஷ்யாவின் தூரக் கிழக்குப் பகுதியும் இதன் தாயகம். கோடைக்காலத்தில் செடியின் நடுவே சிவப்புப் பழங்கள் கொத்தாகக் காணப்படும். ஆயினும், மதிப்பு முழுவதும் மண்ணுக்கடியில் இருக்கும் வேருக்குத்தான். அந்த வேர் மிக மெதுவாக வளர்கிறது. குளிர்காலத்தில் தண்டு பட்டுப்போகும்போது, வேரின் கழுத்துப் பகுதியில் ஆண்டுக்கு ஒன்றாகத் தழும்பு பதிகிறது. அனுபவசாலிகள் அந்தத் தழும்புகளை எண்ணியே வேரின் வயதைச் சொல்லிவிடுவார்கள்.

தென்கொரியாவின் கும்சான் வட்டாரம் ஜின்செங் பயிருக்குப் பெயர்பெற்றது. அங்கு விவசாயிகள் வயல்மீது தாழ்வான பந்தல் அமைத்துக் காட்டின் நிழலைச் செயற்கையாக உண்டாக்குகின்றனர். நல்ல வேர் கிடைக்க ஆறு ஆண்டுகள்வரை காத்திருக்க வேண்டும். ஒருமுறை பயிரிட்ட நிலத்தில் மீண்டும் உடனே பயிரிட்டால் வேர் அழுகிவிடும். ஆகவே, நிலத்திற்குப் பல ஆண்டுகள் ஓய்வு தர வேண்டும். இவ்வளவு பாடுபட்ட பிறகு, ஒரே வேரை இருவகையாகப் பதப்படுத்துகின்றனர். தோல் சீவி உலர்த்தினால் அது வெள்ளை ஜின்செங். தோலோடு ஆவியில் வேகவைத்து உலர்த்தினால் செம்பழுப்பாக மாறும். அது சிவப்பு ஜின்செங்.

உடல் சோர்வைப் போக்கவும், நோயிலிருந்து மீண்டவர்களுக்குத் தெம்பூட்டவும் சீன மருத்துவர்கள் நெடுங்காலமாக இவ்வேரைப் பயன்படுத்தி வருகின்றனர். கொரியர்களுக்கோ இது உணவும்கூட. கோடையின் மிகக் கடுமையான நாள்களில், இளங்கோழியின் வயிற்றில் பசையரிசி, பூண்டு, ஜின்செங் ஆகியவற்றை வைத்துக் கொதிக்கக் கொதிக்கச் சூப் செய்து குடிப்பார்கள். வெயிலுக்குக் குளிர்பானத்தைத் தேடும் நமக்கு இது வியப்பாக இருக்கலாம். வெப்பத்தை வெப்பத்தால் வெல்லலாம் என்பது அவர்கள் நம்பிக்கை.

1711ஆம் ஆண்டில் சீனாவில் இருந்த ஜார்த்து என்ற பிரெஞ்சுப் பாதிரியார் இச்செடியைப் பற்றி விரிவாக ஒரு கடிதம் எழுதினார். இது வேறெங்கும் வளர்வதாக இருந்தால், அது கனடாவாக இருக்கக்கூடும் என்றும் அதில் ஊகித்திருந்தார். கனடாவில் இருந்த லாஃபித்தோ என்ற மற்றொரு பாதிரியார் அக்கடிதத்தைப் படித்துவிட்டுத் தேடத் தொடங்கினார். 1716இல் மொன்றியல் நகருக்கு அருகே, மொஹாக் பழங்குடியினரின் உதவியோடு அதன் நெருங்கிய உறவுச் செடியைக் கண்டுபிடித்தார். ஊகம் பலித்துவிட்டது!

அதன் பிறகு காடுகளில் வேர் வேட்டை தொடங்கியது. பேராசையால் முற்றாத வேர்களையும் தோண்டி, அடுப்பில் அவசரமாக உலர்த்தி அனுப்பினர். தரம் கெட்ட அந்தச் சரக்கைச் சீன வணிகர்கள் ஏற்க மறுத்ததால் கனடாவின் வணிகம் சரிந்தது. அமெரிக்காவிலோ வேட்டை தொடர்ந்தது. 1784இல் சீனாவுக்குப் புறப்பட்ட முதல் அமெரிக்க வணிகக் கப்பல் ஏறத்தாழ 30 டன் ஜின்செங்கை ஏற்றிச் சென்றது. விளைவு, காட்டு ஜின்செங் அரிதாகிப் போனது. 1975 முதல் அமெரிக்க ஜின்செங்கின் ஏற்றுமதி, அரிய உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் அனைத்துலக ஒப்பந்தத்தின்கீழ் வருகிறது. அமெரிக்காவின் பல மாநிலங்களில், வேரைத் தோண்டுபவர் பழங்களின் விதைகளை அதே இடத்தில் ஊன்ற வேண்டும் என்பது சட்டம்.

ஆசிய ஜின்செங் உடலுக்குச் சூடு தரும், அமெரிக்க ஜின்செங் குளிர்ச்சி தரும் என்பது சீன மருத்துவக் கருத்து. அதனால்தான் வெப்பமான நம் வட்டாரத்துச் சீனக் குடும்பங்களில், இரவு கண்விழித்துத் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு அமெரிக்க ஜின்செங் சீவல்களை ஊறவைத்த நீரைத் தருகின்றனர்.

இக்காலத்தில் மாத்திரை, தேநீர், மிட்டாய், முகப்பூச்சு என எல்லாவற்றிலும் ஜின்செங் நுழைந்துவிட்டது. வேரில் உள்ள ஜின்செனோசைடு என்னும் வேதிப்பொருள்களை அறிவியலாளர்கள் ஆராய்கின்றனர். சோர்வு, இரத்தச் சர்க்கரை, நினைவாற்றல் ஆகியவை குறித்த ஆய்வு முடிவுகள் ஒன்றுபோல இல்லை. விளம்பரங்கள் கூறும் அளவுக்குச் சான்று கிடையாது. அதே சமயம், இது வெறும் தேநீர்தானே என்று எண்ணுவதும் தவறு. அளவு மிஞ்சினால் தூக்கம் கெடலாம். இரத்தம் உறையாமலிருக்க உட்கொள்ளும் வார்ஃபரின் மருந்தின் ஆற்றலை இது குறைக்கலாம். நீரிழிவு மருந்துகளோடு சேரும்போது சர்க்கரை அளவு தேவைக்கு மேல் இறங்கவும் கூடும்.

பெயரைக் கண்டும் ஏமாறக்கூடாது. 'சைபீரிய ஜின்செங்' வேறொரு செடி. 'இந்திய ஜின்செங்' என்று விற்கப்படுவது சித்த மருத்துவத்தில் புகழ்பெற்ற அமுக்கராக் கிழங்கு. அதில் ஜின்செனோசைடு இல்லை. அது கத்தரிக்காய்ச் செடியின் குடும்பத்தைச் சேர்ந்தது.