''பாத்ரூம் எந்தப் பக்கம்?''

கல்யாண மண்டபத்துக்குள் நுழைந்ததும் சிலர் மணமேடையைப் பார்ப்பார்கள். சிலர் பந்தி நடக்கும் இடத்தை மோப்பம் பிடிப்பார்கள். சில பெண்கள் மட்டும், ''பாத்ரூம் எந்தப் பக்கம்?'' என்று ரகசியக் குரலில் விசாரிப்பார்கள். பஸ் பயணம் என்றால் முதல் நாள் ராத்திரியிலிருந்தே தண்ணீர் குடிக்க மாட்டார்கள். கேட்டால், ''வயசாச்சு இல்லே... அப்படித்தான்!'' என்பார்கள்.

அப்படித்தான் இல்லை! 'ஓவர் ஆக்டிவ் பிளாடர்' என்ற இந்தக் கோளாறுக்கு சிகிச்சை உண்டு.

சிறுநீர்ப்பை சுமார் 300 முதல் 500 மில்லி வரை தாங்கும். நாம் உத்தரவு போட்ட பிறகுதான் அதன் தசை சுருங்க வேண்டும். இவர்களுக்கோ, பை நிரம்பும் முன்பே, கேட்காமல் கொள்ளாமல் சுருங்கிவிடுகிறது. திடீர் அவசரம், நாளைக்கு எட்டு தடவைக்கு மேல் நடை, ராத்திரித் தூக்கம் போச்சு. சிலருக்கு பாத்ரூம் கதவைத் தொடுவதற்குள் புடவை நனைந்துவிடும்.

உடனே மாத்திரையா?

பொறுங்கள்! கிருமித்தொற்றோ சர்க்கரையோ இருந்தாலும் இப்படி ஆகும். அதனால் முதலில் சிறுநீர்ப் பரிசோதனை. பிறகு காபி, டீயைக் குறைப்பது, இடுப்புத் தளத் தசைகளுக்கான பயிற்சி, அவசரம் வரும்போது சில நிமிடங்கள் தள்ளிப்போட்டுப் பழகுவது. தண்ணீரை அடியோடு நிறுத்துவது தப்பு. சிறுநீர் கெட்டியாகி எரிச்சல்தான் கூடும்.

இதற்கும் அடங்காவிட்டால் மாத்திரை. இரண்டு ரகம்.

ஒன்று, 'சுருங்கு' என்று நரம்பு அனுப்பும் தகவலைத் தடுப்பது. ஆக்ஸிபியூட்டினின், டால்டெரோடின், சோலிஃபெனாசின் எல்லாம் இந்தக் குடும்பம். நன்றாகவே வேலை செய்யும். ஆனால் வாய் காய்ந்து போகும், மலச்சிக்கல் வரும். 'கிளாக்கோமா' என்ற கண் அழுத்த நோய் இருந்தால் டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். வயதானவர்களுக்கு ஞாபகக் குழப்பம் வரலாம்.

இன்னொன்று மிராபெக்ரான். ஜப்பானில் 2011-லும் அமெரிக்காவில் 2012-லும் அனுமதி பெற்றது. பை நிரம்பும்போது தசையைத் தளர்த்திவிடும். வாய் வறட்சி குறைவு. ஆனால் பி.பி. ஏறலாம். ஏற்கெனவே பி.பி. கட்டுக்கடங்காமல் இருப்பவர்களுக்கு ஆகாது.

''நாலு நாள் சாப்பிட்டேன்... மருந்து கேக்கலை'' என்று தூக்கிப் போடாதீர்கள். முழுப் பலன் தெரிய நாலு முதல் எட்டு வாரம் ஆகும். ஒன்று ஒத்துக்கொள்ளாவிட்டால் டாக்டர் இன்னொன்றுக்கு மாற்றுவார்.

இருமினால், தும்மினால், சிரித்தால் கசிகிறதா? அது வேறு பிரச்னை. அதற்கு இந்த மாத்திரைகள் உதவாது. பக்கத்து வீட்டு மாமியின் மாத்திரையைக் கடன் வாங்கவே வேண்டாம்! சிறுநீரில் ரத்தம் தெரிந்தால் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது.

''டாக்டர்கிட்டே இதைப் போய் எப்படிச் சொல்றது?'' என்ற கூச்சத்திலேயே பலர் வருஷக்கணக்கில் கோயில், குளம், உறவு வீடு எல்லாவற்றையும் விட்டுவிடுகிறார்கள். ஒரு வழி இருக்கிறது. எத்தனை மணிக்குப் போனீர்கள், என்ன குடித்தீர்கள், கசிந்ததா என்று மூன்று நாள் குறித்து வையுங்கள். அந்தச் சீட்டை டாக்டர் மேஜையில் வைத்துவிடுங்கள்.

மிச்சத்தை அது பேசிக்கொள்ளும்!