தலசீமியா உள்ள பிள்ளைகளின் முகமும் தாடையும்

கடுமையான பீட்டா தலசீமியா, பெற்றோர் இருவரிடமிருந்தும் பிள்ளைக்கு வரும் பரம்பரைக் குருதி நோயாகும். இந்நோயுள்ள பிள்ளையின் மேல்தாடை முன்தள்ளுவதையும் கன்ன எலும்புகள் புடைப்பதையும் பாட்டனாரின் சாயல் எனக் குடும்பத்தார் கருதிவிடுவதுண்டு. அது குருதியேற்றம் போதாமையின் அடையாளமாக இருக்கக்கூடும்.

சிவப்பணுக்கள் முதிருமுன்பே அழிவதால், அவற்றை ஆக்கும் எலும்பு மச்சை அக்குறையை ஈடுசெய்யப் பன்மடங்கு பெருகுகிறது. மச்சை விரிய எலும்பும் விரிந்து, அதன் புறச்சுவர் மெலிகிறது. மேல்தாடையில் இம்மாற்றம் தெளிவாகத் தெரியும்: முன்பற்கள் துருத்தி அவற்றிடையே இடைவெளி விழும், மூக்கின் மேற்பகுதி தாழ்ந்து காணப்படும். கீழ்த்தாடையின் புறச்சுவர் தடித்தது. அதில் மாற்றம் குறைவு.

சிறுவயதிலேயே தொடங்கி, பொதுவாக 2 முதல் 5 வாரங்களுக்கு ஒருமுறை, மருத்துவர் குறித்தவாறு குருதியேற்றிவந்தால் மச்சையின் பெருக்கம் அடங்கும். முகமும் பெரும்பாலும் இயல்பாக வளரும். ஏற்கெனவே விரிந்துவிட்ட எலும்பு முற்றாகப் பழைய வடிவுக்குத் திரும்பும் என எதிர்பார்க்கவியலாது. ஆகவே, பிள்ளை உற்சாகமாக ஓடியாடுகிறதே என்று ஒரு தவணையைக்கூடத் தள்ளிப்போடாதீர்கள்.

பல் மருத்துவரிடம் இந்நோயைப் பற்றி முதலிலேயே கூறுங்கள். மண்ணீரல் அகற்றப்பட்டிருப்பின் கட்டாயம் தெரிவிக்க வேண்டும். அத்தகைய பிள்ளைகளுக்குக் கிருமித்தொற்று ஆபத்து மிகுதி. பல்லைப் பிடுங்குமுன் அவர் குருதியியல் மருத்துவருடன் கலந்துபேசுவது நன்று.

இங்கிலாந்தில் 18 வயதுக்குட்பட்டோருக்கு என்.எச்.எஸ். பற்சிகிச்சை இலவசம். உரைபெயர்ப்பாளரையும் கட்டணமின்றிக் கேட்கலாம். பிள்ளையைக் கொண்டே மொழிபெயர்ப்பித்தல் வேண்டா. தன் முகத்தைப் பற்றி மருத்துவர் கூறுவதைத் தானே பெற்றோருக்கு எடுத்துரைக்கும் நிலை அதற்கு நேரக்கூடாது.