பின்னோக்குக் கண்காட்சியும் அச்சுப் பக்கமும்: ஆதிமூலத்தின் அரூப ஓவியங்களை முன்வைத்து

முன்னுரை

ஓர் ஓவியரின் வாழ்நாள் படைப்புகளைக் கால வரிசையில் ஓரிடத்தில் வைத்துக் காட்டுவது பின்னோக்குக் கண்காட்சி எனப்படும். ஒரு புலவரின் தனிப்பாடல்களைத் திரட்டித் தொகை நூலாக்கும் பணியோடு இதனை ஒப்பிடலாம். தொகையில் எது சேர்கிறது, எது விடுபடுகிறது என்பதைப் பொறுத்தே படைப்பாளியைப் பற்றிய மதிப்பீடும் அமைகிறது. கே.எம். ஆதிமூலத்தின் (1938–2008) அரூப ஓவியங்களைப் பின்னோக்கிக் காட்டுங்கால் அவர்தம் இதழ் ஓவியங்கள் பெறவேண்டிய இடத்தை இக்கட்டுரை விளக்குகிறது.

கோடும் வண்ணமும்

இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய சென்னை ஓவிய இயக்கத்தில் கே.சி.எஸ். பணிக்கரின் பங்கு முதன்மையானது. அவர் முதல்வராக இருந்த சென்னை ஓவியக் கல்லூரியில் பயின்றவர், துறையூரை அடுத்த கீராம்பூரில் பிறந்த ஆதிமூலம். காந்தி நூற்றாண்டான 1969-இல் காந்தியைக் கோட்டோவியத் தொடராக வரைந்தார். பின்னர் மன்னர்களை வரைந்தார். அவ்வரிசையில் அணிகலனும் ஆடை மடிப்பும் நெருங்கிய கோடுகளாகி, உருவத்தை மீறிய பரப்பாகின்றன. அடுத்து வந்த வண்ணத் திரைச்சீலைகளில் உருவம் முற்றிலும் நீங்குகிறது. எனவே ‘கோட்டிலிருந்து வண்ணத்திற்கு’ என இவ்வளர்ச்சியைச் சுருக்கிக் கூறுவது எளிது.

கரிசல் பக்கங்கள்

அச்சுப் பக்கங்கள் இச்சுருக்கத்தை மறுக்கின்றன. ‘நடை’, ‘கசடதபற’ ஆகிய சிற்றிதழ்களில் வரைந்த ஆதிமூலம், வண்ண அரூபத்தில் ஈடுபட்டிருந்த 1980-களிலேயே ‘ஜூனியர் விகட’னில் வெளிவந்த கி. ராஜநாராயணனின் ‘கரிசல் காட்டுக் கடுதாசி’க்கும் கோட்டோவியங்கள் தீட்டினார். இராசபாளையம், திருவில்லிப்புத்தூருக்குக் கிழக்கே விரியும் கரிசல் நிலத்தின் மாந்தர் அவற்றில் உருவம் பெற்றனர். ஆகவே, அரூபத்திற்கு மாறியபின் அவர் உருவத்தைக் கைவிட்டார் என்பது பொருந்தாது. திரைச்சீலையில் நீங்கிய உருவம் அச்சுப் பக்கத்தில் வாழ்ந்தது. இரண்டையும் ஒருசேரக் கண்டால்தான், அரூபம் அவருக்கு இயலாமையின் விளைவோ மேலைப் பாணியின் போலியோ அன்று, தேர்ந்துகொண்ட வழி என்பது புலனாகும்.

முடிவுரை

திரைச்சீலைகளைக் கூடங்களும் சேகரிப்பாளர்களும் காக்கின்றனர். இதழ் ஓவியங்களோ மட்கும் தாளில் உள்ளன; தொடர் நூலாகும்போதோ மறுபதிப்பின்போதோ ஓவியம் விடுபட்டால், அதனைத் தேடிச் செல்ல மூல இதழே எஞ்சும். எழுத்தைப் பதிப்பிப்போர் அதனோடு வெளிவந்த ஓவியத்தையும் மூலபாடத்தின் பகுதியாகக் கொள்ளவேண்டும். இப்பணி ஓவியத் துறையினர்க்கு மட்டும் உரியதன்று. இதழ்களைத் தேடிப் படிக்கும் தமிழாய்வாளர்க்கும் உரியது. இராசபாளையத்தில் பூ.ச. குமாரசாமி ராஜா தம் இல்லத்தை அளித்து உருவான காந்தி கலை மன்றம் போன்ற இடங்களில் இப்பக்கங்களும் வண்ண ஓவியங்களும் அருகருகே வைக்கப்படுமாயின், கரிசல் இலக்கியத்தைப் பயில்வோர் அரூப ஓவியத்தையும் அணுக வழி பிறக்கும்.