புயல் கரையில் ஊர் மின்சாரம்

வங்கக் கடலில் உருவாகும் புயல்களின் வழியில் அமைந்த செங்கல்பட்டு மாவட்டக் கடலோரத்தில், மின்கம்பங்கள் சாய்ந்த பிறகு ஊரின் குடிநீருக்கும் மருத்துவத்துக்கும் வேண்டிய மின்சாரம் எங்கிருந்து வரும் என்ற கேள்வி ஒவ்வொரு ஐப்பசியிலும் கார்த்திகையிலும் புதிதாக எழுகிறது. தலா 220 மெகாவாட் திறனுள்ள இரண்டு அணு உலைகள் கல்பாக்கத்தில் இருந்தும், அங்கே பிறக்கும் மின்சாரம் உயர் அழுத்தத் தடங்கள் வழியாகத் தென்னக மின்தொகுப்பில் கலந்து, துணை மின்நிலையங்களையும் மின்மாற்றிகளையும் கடந்த பின்னரே பக்கத்துக் குப்பத்தை அடைகிறது. 2022 டிசம்பர் 9 நள்ளிரவையொட்டி மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகே கரையைக் கடந்தது. அத்தகைய இரவுகளில் தெருவோரக் கம்பி ஒன்று அறுந்தாலே அணுமின் நிலையத்துக்கு அருகிலுள்ள ஊரும் இருளில் மூழ்கும்.

வீட்டுக்கூரைச் சூரிய மின்தகடுகள் இந்த இருளைப் போக்கும் என்று பலர் நம்புகின்றனர். 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் மூன்று கிலோவாட் அமைப்புக்கு 78,000 ரூபாய் மானியம் கிடைப்பதால், அவற்றை நிறுவுவோர் பெருகி வருவதும் நல்லதே. ஆயினும் மின்தொகுப்போடு இணைந்த சாதாரண இன்வெர்ட்டர், வெளி மின்சாரம் நின்றவுடன் தானும் நின்றுவிடும்படி அமைக்கப்பட்டுள்ளது. அப்படி நிற்காவிட்டால், அறுந்த கம்பியைச் சீர்செய்ய ஏறும் மின் ஊழியரின் உயிருக்கே ஆபத்து. ஆகவே உச்சி வெயிலிலும், மின்தடை நேரத்தில் அந்தக் கூரை பயன் தராது. மின்தொகுப்பிலிருந்து தன்னை முழுதாகத் துண்டித்துக்கொள்ளும் சுவிட்சும் பேட்டரியும் சேர்ந்தால்தான் ஓர் ஊர் தனித்து இயங்க முடியும். இவ்வாறு தேவைப்படும்போது பிரிந்து நிற்கவல்ல சிறு அமைப்புக்கு நுண் மின்தொகுப்பு என்று பெயர். இருப்பு குறையும்போது குளிர்சாதனத்தை நிறுத்திவிட்டுக் குடிநீர் மோட்டாருக்கும் சுகாதார நிலையத்துக்கும் முன்னுரிமை தரும் கட்டுப்பாட்டுக் கருவி அதைத் திறன்மிக்கதாக்குகிறது.

கருவிகளைவிட உரிமையும் பராமரிப்புமே கடினமான பகுதி. மேட்டுப்பாளையம் அருகே உள்ள ஓடந்துறை ஊராட்சி, ஆர். சண்முகம் தலைவராக இருந்த காலத்தில், 2006 இல் சுமார் 1.55 கோடி ரூபாய்க்கு, தன் சேமிப்போடு வங்கிக் கடனையும் சேர்த்து, 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை வாங்கியது. காற்று வளம் மிக்க உடுமலைப்பேட்டைப் பக்கத்து மைவாடியில் அது நிறுவப்பட்டது. ஆண்டுக்குச் சுமார் ஆறே முக்கால் லட்சம் யூனிட் கிடைக்க, ஊரின் தேவையான நாலரை லட்சம் போக எஞ்சியதை மின்வாரியத்துக்கு விற்று, ஊராட்சி கடனையும் அடைத்தது. கணக்கும் கடனும் ஊராருடையவை என்பதால், காற்றாலை ஓடுகிறதா என்று பார்க்கும் பொறுப்பும் ஊரிலேயே இருந்தது. பீகாரின் தர்ணை கிராமத்தில் 2014 இல் கிரீன்பீஸ் முன்னின்று அமைத்த 100 கிலோவாட் சூரிய நுண் மின்தொகுப்போ, விலை குறைந்த அரசு மின்சாரம் வந்ததும், பேட்டரிகள் தேய்ந்ததும், சில ஆண்டுகளில் கைவிடப்பட்டது. இந்தத் தோல்வி ஓடந்துறையின் வெற்றிக்கு இணையாகப் படிக்கப்பட வேண்டியது.

புயல் கரைக்கு நெருங்கிய உதாரணம் கரீபியக் கடலில் உள்ளது. 2017 செப்டம்பரில் மரியா சூறாவளி போர்ட்டோ ரிக்கோ தீவின் மின்தொகுப்பையே வீழ்த்தியபோது, மலையூரான அட்ஹுண்டாஸில் சூரிய மின்சாரத்தில் இயங்கிய காசா பூவெப்ளோ என்னும் மக்கள் அமைப்பின் கட்டடத்துக்கே ஊரார் மருத்துவக் கருவிகளையும் கைப்பேசிகளையும் கொண்டுவந்து இயக்கிக்கொண்டனர்.

மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலின் இரவு விளக்குகள் சூரிய மின்சாரத்தில் எரிகின்றன. அந்த அக்கறை கோவளம், நெம்மேலி, சதுரங்கப்பட்டினம் ஆகிய ஊர்களின் மேல்நிலைத் தொட்டிகளுக்கும் கிடைக்க வேண்டும். ஐந்து குதிரைத்திறன் மோட்டார் இரண்டு மணி நேரம் ஓட எட்டு அல்லது ஒன்பது யூனிட் போதும். ஐந்து கிலோவாட் தகடுகள் தெளிவான நாளில் ஏறத்தாழ இருபது யூனிட் தரும். புயலை ஒட்டிய மேகமூட்டத்தில் இது ஐந்து யூனிட்டுக்கும் இறங்கக்கூடும் என்பதால், எச்சரிக்கை வந்த அன்றே பேட்டரியை நிரப்பி வைப்பதும், தொடக்க மின்னோட்டத்தைத் தாங்கும் பெரிய இன்வெர்ட்டரைத் தேர்வதும் அவசியம். உப்புக்காற்று அரிக்கும் இக்கரையில் தகடுகளைத் தாங்கும் சட்டங்களும் திருகுகளும் துருப்பிடிக்காத உலோகத்தில் அமைய வேண்டும். பேட்டரி மாற்றும் செலவுக்கு ஊராட்சியின் வரவு செலவில் முதலாண்டிலிருந்தே தொகை ஒதுக்கப்பட வேண்டும்.