பெயரிலிருந்து வரலாற்றுக்கு

திம்புள்ளையில் ஞாயிறு அஹதிய்யா வகுப்பு முடிந்ததும் பெரிய பிள்ளைகளுக்கு அரை மணித்தியாலம் நாட்டு வரலாறு சொல்லிக் கொடுக்கிறேன். தொடக்கத்தில் நானும் பட்டியல்தான் போட்டேன். அறிஞர் சித்திலெப்பை: பிறப்பு 1838, 'முஸ்லிம் நேசன்' 1882, 'அசன்பேயுடைய கதை' 1885, மறைவு 1898. பிள்ளைகள் மனனம் செய்தார்கள். இரண்டு கிழமையில் மறந்தார்கள்.

பிறகு ஆண்டை விட்டுக் கேள்வியிலிருந்து தொடங்கினேன். கையில் நல்ல தொழில் இருந்த கண்டிச் சட்டத்தரணி ஏன் பள்ளிக்கூடம், பத்திரிகை என்று அலைந்தார்? மிஷன் பள்ளிக்கு அனுப்பினால் பிள்ளை மார்க்கத்தை விட்டுவிடும் என்ற பயத்தில் நம்மவர்கள் ஆங்கிலக் கல்வியையே ஒதுக்கிய காலம் அது. மார்க்கமும் ஆங்கிலமும் ஒரே கூரையின் கீழ் வேண்டும் என்றார் அவர். பெண்பிள்ளைகளுக்கும் பள்ளி திறந்தார். எகிப்திலிருந்து ஆங்கிலேயர் நாடுகடத்திய ஒராபி பாஷா 1883இல் இங்கு வந்தபோது அந்த முயற்சிக்கு ஊக்கம் கூடியது. 1892இல் மருதானையில் தொடங்கிய பள்ளியே இன்றைய ஸாஹிரா கல்லூரி. ஒரு மனிதரைப் பிடித்துக்கொண்டு போனால் ஆங்கிலேயர் ஆட்சி, மிஷன் கல்வி, எகிப்து எல்லாம் பின்னாலேயே வருகின்றன.

ஒருநாள் ஒரு பிள்ளை கேட்டது: "சேர், என்னோட படிக்கிற தோட்டத்துப் புள்ளைங்கட ஆக்கள் யாரும் வரலாத்துல இல்லையா?"

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. சுற்றிவரத் தேயிலை, என் பட்டியலில் மட்டும் தோட்டம் இல்லை. அடுத்த கிழமை சி. வி. வேலுப்பிள்ளையைச் சொன்னேன். 1914இல் மடக்கும்புரத் தோட்டத்தில் பிறந்த கவிஞர், 1947இல் தலவாக்கலைத் தொகுதியில் வென்று பாராளுமன்றம் போனவர். மறு ஆண்டே குடியுரிமைச் சட்டம் வந்தது.

"அப்ப 47ல வோட்டுப் போட்டவங்களுக்கு அடுத்த எலக்ஷன்ல வோட்டு இல்லையா சேர்?"

1952இல் அவர்களில் பெரும்பாலானோருக்கு இல்லை. அந்த ஆண்டுகளை நான் மனனம் செய்யச் சொல்லவில்லை. இன்னும் எந்தப் பிள்ளையும் மறக்கவில்லை. தோட்டத் தொழிலாளருக்குத் தலைமை தாங்கிய ஏ. அஸீஸ் ஒரு முஸ்லிம் என்றதும் வகுப்பே நிமிர்ந்து உட்கார்ந்தது.

பெரியோரைப் புகழ்ந்து மட்டும் நிறுத்திவிட்டால் பிள்ளைக்குச் சிலைதான் மிஞ்சும். அவர் எதை எதிர்த்தார், யார் கூட நின்றார்கள், எது கைகூடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். நம்மவர் பெயரோடு அயலவர் பெயரையும் சேர்த்துச் சொன்னால்தான் அது நாட்டின் வரலாறு. இல்லாவிட்டால் அது வீட்டுக் கதைதான்.